அப்ரைசல் கணக்கில் காணாமல் போகும் 26 வாரம்: மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் நெருங்கினால் உங்கள் துறையில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ரேட்டிங் கூட்டம், பதவி உயர்வுப் பட்டியல், வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் சம்பளம்) கணக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்தப் பரபரப்பில் சத்தமில்லாமல் நடந்துபோகும் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல். பிள்ளை பெற்ற பெண் ஊழியர் பதவி உயர்வில் பின்தங்கினால், "ஆறு மாசம் ஆபீஸ்லயே இல்லையே" என்று காரணம் சொல்லிவிடுகிறோம். சம்பளப் பட்டியலோடும் ரேட்டிங் கோப்புகளோடும் புழங்கும் எங்களுக்குத் தெரிந்தவரை, அவர் இழப்பதில் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகு, முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், ஓர் எக்ஸெல் தாளுக்குள் நடக்கிறது. அதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கையும், மென்பொருளில் நாலைந்து திருத்தமும் போதும்.

முதலில் யூட்டிலைசேஷன், அதாவது வேலை நாளில் எத்தனை நாள் வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வேலையில் (பில்லிங்கில்) இருந்தார் என்ற விகிதம். ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 26 வார விடுப்பில் வேலை நாள் மட்டும் 130. மிச்சம் 110. அந்த 110 நாளில் 99 நாள் அவர் பில்லிங்கில் இருந்தால் விகிதம் 90 சதவீதம். இலக்கு 85 என்றால் அதைத் தாண்டியவர். ஆனால் விடுப்பு நாளைக் கழிக்காமல் வகுக்கும் எண்ணை 240 என்றே வைத்திருக்கும் மென்பொருளில் 99-ஐ 240-ஆல் வகுத்து 41 சதவீதம் என்று வரும். அந்த 41 நேராக வேரியபிள் பே படிநிலைக்குப் போகும். அங்கே யாரும் "இவர் விடுப்பில் இருந்தார்" என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எண் மட்டும்தான் இருக்கும். வகுக்கும் எண்ணிலிருந்து மகப்பேறு விடுப்பு நாட்களைக் கழியுங்கள். டைம்ஷீட்டில் அந்த விடுப்புக்குத் தனிக் குறியீடு இருக்கிறதா, அந்தக் குறியீடு 'பில் ஆகாத நேரம்' என்ற கூடையில் விழுகிறதா என்று உங்கள் பேரோல் ஆளிடம் இன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விழுந்து கிடக்கும்.

அடுத்தது பெல் கர்வ், அதாவது அணியில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பங்கு போட்டு ரேட்டிங் தருவது. பெயரை எப்படி மாற்றினாலும், பதினைந்து பேர் உள்ள அணியில் ஒருவரையோ இருவரையோ கீழே தள்ளியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி மேனேஜருக்கு இருக்கிறது. தினமும் முகம் பார்க்கும் ஆளைக் கீழே போட்டால் மறுநாளே சண்டை. விடுப்பில் இருப்பவரைப் போட்டால் சண்டை போட ஆளில்லை. மேனேஜர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏற்பாடே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு: ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவரை அந்த அணியின் எண்ணிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். கடந்த இரண்டு ஆண்டு ரேட்டிங்கின் சராசரி, அல்லது இந்த ஆண்டு வேலை பார்த்த மாதங்களுக்கான மதிப்பீடு, இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுங்கள்.

சில நிறுவனங்கள் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக 'ரேட்டிங் இல்லை' என்று பதிவு செய்கின்றன. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். பதவி உயர்வுத் தகுதியை வடிகட்டும் மென்பொருளோ, "கடந்த இரண்டு ஆண்டும் குறைந்தது இந்த ரேட்டிங்" என்று தேடும்போது, வெற்றிடத்தைத் தகுதியின்மை என்று எடுத்துக்கொண்டு அவரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். பட்டியலைப் பார்க்கும் குழுவுக்கு அவர் பெயர் வரவே வராது. யாரும் மறுக்கவில்லை, யாரும் விவாதிக்கவில்லை, கோப்பில் ஒரு தடயமும் இல்லை. விடுப்பில் போன ஆண்டைத் தாண்டி அதற்கு முந்தைய ஆண்டைப் பார்க்கும்படி அந்த வடிகட்டியை மாற்றுவது அரை நாள் வேலை.

இதைவிட விசித்திரமானது பிரசவ மாதம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் ஒருவர் மே தொடக்கத்தில் விடுப்பில் போய் அக்டோபர் கடைசியில் திரும்பினால் ஒரே ஓர் ஆண்டுதான் பாதிக்கப்படும். இன்னொருவர் டிசம்பர் 15-இல் போய் ஜூன் நடுவில் திரும்புகிறார். முதல் ஆண்டில் எட்டரை மாதம் முழு வேலை பார்த்தவர். ஆனால் மார்ச், ஏப்ரலில் ரேட்டிங் கூட்டம் நடக்கும்போது அறையில் இல்லை, தன் வேலையைத் தானே எடுத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் ஆண்டில் ஒன்பதரை மாதம் வேலை பார்க்கப் போகிறவர். ஆனால் ஏப்ரலிலேயே இலக்குகள் பங்கு பிரிந்துவிட்டன, நல்ல புராஜெக்ட்டுகள் கைமாறிவிட்டன. விடுப்பு எடுத்தது ஒரே 26 வாரம்தான், போனது இரண்டு ரேட்டிங். தொடர்ந்து இரண்டு ஆண்டு ரேட்டிங் கேட்கும் நிறுவனத்தில் அவர் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நல்ல ரேட்டிங் வாங்கிய பிறகுதான் மறுபடி வரிசைக்கே வருவார். பிறந்த மாதத்தை வைத்துப் பலன் சொல்வது பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். அம்மாவின் பதவி உயர்வுக்கும் அது பொருந்துகிறது.

இதற்குத் தேவை இரண்டு விதிகள். விடுப்பில் போகுமுன் கடைசி வாரத்தில் அதுவரையிலான வேலைக்கு மேனேஜர் எழுத்தில் மதிப்பீடு தந்து, ஊழியர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டு, கோப்பில் பூட்டிவிட வேண்டும். மார்ச்சில் கூட்டம் நடக்கும்போது அந்தத் தாள் பேசும். திரும்பி வந்த 30 நாளுக்குள் மிச்ச மாதங்களுக்கு மட்டும் புது இலக்கு எழுத வேண்டும். ஆண்டு முழுவதற்குமான இலக்கை அப்படியே ஒட்டக் கூடாது. விடுப்பின் நடுவில் மேனேஜர் மாறிவிட்டால் (அடிக்கடி மாறுவார்) பழைய மேனேஜர் எழுதிவைத்த தாள் இல்லாமல் புதியவருக்கு எதுவும் தெரியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எக்ஸெல்லில் அகப்படாத ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கரிசனம் என்று பெயர். "பாவம், இப்பதான் வந்திருக்காங்க, இந்த ரிலீஸ் வேற யாராவது பாக்கட்டும்." "ஆன்சைட்டா? கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படிப் போவாங்க, கேட்டா சங்கடப்படுவாங்க." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பதவி உயர்வுக் குழு பார்ப்பது என்ன? ரிலீஸை (மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியீட்டை) முன்னின்று நடத்தியது யார், வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்பது யாரை, வெளிநாடு போய் வந்தது யார். இந்த மூன்றும் கரிசனத்தோடு அவர் கையிலிருந்து வாங்கப்பட்டு விடுகின்றன. அவரிடம் கேட்காமலே அவர் சார்பில் 'முடியாது' என்று சொல்லும் உரிமை மேனேஜருக்கு இல்லை என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். வாய்ப்பு வரும்போது அவரிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவரே எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஆயுள் ஆறு மாதம். அடுத்த வாய்ப்புக்கு மறுபடி கேட்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தையை விட்டுப் போகாதவர் ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகலாம்.

இனி விடுப்பைப் பற்றி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். இது உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த 26-இல் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தம் கூடிவிட்டது, படுத்தே இருக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு வாரம் முன்பே போனவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் தாண்டியதும் மேசைக்கு வந்துவிட வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று அரசு மருத்துவமனைச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. அதனால்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு 38-ஆம் வாரம் வரை கேபில் வந்துபோகிறார்கள். ஒரு வாரத்தைக்கூட முன்பக்கம் செலவழிக்க மனம் வராது.

இதற்கு அதே சட்டத்தில் வழி இருக்கிறது. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றால் உடம்புக்கு முடியாமல் போனால் ஊதியத்தோடு மேலும் ஒரு மாதம் உண்டு. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் தனி. கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரம். இப்போது உங்கள் விடுப்பு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து கீழிறங்கும் பட்டியலைப் பாருங்கள். மகப்பேறு என்ற ஒரே வரிதான் இருந்தால், கரு கலைந்து வீட்டில் படுத்திருப்பவர் சிக் லீவ் போட்டுத் தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பில் கிடக்கிறார் என்று பொருள். மேனேஜருக்குத் தெரியவேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகவே பட்டியலில் தனி வரிகள் வேண்டும். மேனேஜர் திரையில் மட்டும் பொதுப்பெயரில் 'மருத்துவ விடுப்பு' என்று தெரிய வேண்டும்.

தகுதிகாண் பருவத்தையும் பாருங்கள். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு தருகிறது. அந்த விடுப்பும் தகுதிகாண் காலத்தில் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். விடுப்பால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போனால் பணிமூப்பும் பதவி உயர்வும் சேர்ந்தே தள்ளிப்போகும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். தனியார் நிறுவன நியமனக் கடிதங்களில் "விடுப்பு நாட்களுக்கு ஏற்பத் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்படும்" என்ற வரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 'மகப்பேறு விடுப்பு நீங்கலாக' என்று மூன்று சொல் சேர்ப்பதில் உங்களுக்கு என்ன நட்டம்?

அவர் திரும்பி வரும் நாளுக்கு வருவோம். 30 நாள் உள்நுழையாவிட்டால் கணக்கு தானாக முடங்கும் என்பது உங்கள் பாதுகாப்பு விதி. ஆக, வந்த முதல் நாள் கடவுச்சொல் வேலை செய்யாது. வி.பி.என். அனுமதி காலாவதி. குழு மின்னஞ்சல் பட்டியலிலிருந்து பெயர் போயிருக்கும். லேப்டாப்பைத் திருப்பி வாங்கியிருந்தால் புதியது வர நான்கைந்து நாள். முதல் வாரம் முழுக்க கணினி உதவிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டுக் காத்திருப்பதிலேயே கழியும். அதுவும் பில் ஆகாத நேரமாகப் பதிவாகும். இரண்டாம் வாரம் பெஞ்ச், அதாவது எந்தப் புராஜெக்ட்டிலும் இல்லாத காத்திருப்பு. பெஞ்சில் இத்தனை நாள் இருந்தால் வெளியே என்ற கடிகாரம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். விடுப்பில் இருந்தவர் தன் பழைய புராஜெக்ட் போனதற்குப் பொறுப்பா என்ன?

திரும்பும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே எச்.ஆர். ஒருவர் அழைத்து மூன்று விஷயம் கேட்க வேண்டும்: வரும் தேதி உறுதியா, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த வேலைக்குத் திரும்ப விருப்பம். நான்கு வாரம் முன்பு டெலிவரி ஹெட் (புராஜெக்ட்டுகளுக்குப் பொறுப்பான தலைவர்) புராஜெக்ட்டின் பெயரையும் பொறுப்பையும் மின்னஞ்சலில் தர வேண்டும். ஒரு வாரம் முன்பு கணக்குகள் திறந்திருக்க வேண்டும். பெஞ்ச் கடிகாரம் முதல் 90 நாள் ஓடக் கூடாது. சான்றிதழ்த் தேர்வுகள் விடுப்பில் காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க மூன்று மாத அவகாசம் வேண்டும். விடுப்புக்குப் பின் வேலையின் தன்மையைப் பொறுத்து, பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று 2017 திருத்தத்திலேயே இருக்கிறது. அதை உரிமை என்று நாங்கள் மிகைப்படுத்தவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். ஆனால் வாரத்தில் இத்தனை நாள் அலுவலகம் வந்தே தீரவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது அந்தப் பிரிவை நினைவில் வைத்து விதிவிலக்கு எழுதியவர்கள் உங்களில் எத்தனை பேர்?

பால் எடுக்கும் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முடிவெடுக்கும் கூட்டத்தில் இதைப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். ஒன்பது மணி நேர வேலை, சென்னையின் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் போக ஒன்றரை, வர ஒன்றரை. ஆக, குழந்தையைப் பிரிந்து 12 மணி நேரம். மூன்று மணிக்கொரு முறை பால் எடுக்காவிட்டால் மார்பு கல்லாகக் கட்டும். கட்டினால் வலி, பிறகு காய்ச்சல், இரண்டு நாள் சிக் லீவ். கட்டாமல் தப்பினாலும், எடுக்காத பால் சுரப்பதும் குறைந்துகொண்டே வரும். ஆகவே வேலை நேரத்துக்குள் குறைந்தது இரண்டு முறை, பலருக்கு மூன்று முறை தேவை. பம்ப் ஓடுவது 20 நிமிடம். பாகங்களைப் பூட்ட, கழற்ற, கழுவ இன்னொரு 10. அறை வேறு மாடியில் இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் வேறு.

இப்போது நிலைமை என்ன? 'வெல்னஸ் ரூம்' என்று ஒன்று இருக்கும். தலைவலி வந்தவர் படுப்பதும் அங்கேதான், மார்பில் பம்ப் வைப்பதும் அங்கேதான். கதவில் பாதி கண்ணாடி. உள்தாழ்ப்பாள் இருக்காது, ஏனென்றால் மயக்கம் போட்டு விழுந்தால் திறக்க வேண்டுமாம். பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால். கை கழுவ வெளியே வரவேண்டும். ஃபிரிட்ஜ் என்றால் பான்ட்ரியில், யாரோ வைத்த நேற்றைய பிரியாணி டப்பாவுக்குப் பக்கத்தில்.

தேவை இவ்வளவுதான்: உள்ளிருந்து தாழிடும் கதவு, வெளியே 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று காட்டும் பலகை, சாய்மானமுள்ள நாற்காலி, கையெட்டும் உயரத்தில் பிளக், அறைக்குள்ளேயே குழாயும் தொட்டியும், 4 டிகிரியில் நிற்கும் சின்ன ஃபிரிட்ஜ், அதற்கு யூ.பி.எஸ். இணைப்பு, பெயரும் தேதியும் நேரமும் எழுத ஒட்டுத்தாள். எடுத்த பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம்தான் தாங்கும். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். சென்னை மே மாதத்தில் கேப் ஏ.சி.யை நம்பி எடுத்துப் போக முடியாது. ஒரே நேரத்தில் நாலு பேருக்குத் தேவைப்படும் அலுவலகத்தில் ஓர் அறை போதாது. திரைச்சீலை போட்டு இரண்டு தடுப்பாவது வேண்டும்.

அறையைக் கட்டிவிட்டு நேரத்தைத் தராவிட்டால் பயனில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. அலுவலகத்தில் அந்த அறைக்குப் போகத் தளத்தின் கதவில் ஸ்வைப் செய்ய வேண்டும். ஸ்வைப் செய்த நொடியிலிருந்து 'தளத்துக்கு வெளியே' என்று நேரம் கழிகிறது. மாதக் கடைசியில் ஒன்பது மணி நேரம் நிரம்பவில்லை என்று தானியங்கி மின்னஞ்சல் வரும். அந்த அறைக்குப் போய்வரும் நேரத்தை இப்படிக் கழிப்பதிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். நாள்காட்டியில் அவர் அடைத்துவைத்த அரைமணி மீது மீட்டிங் போடுவதை அணித்தலைவர்கள் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முறை தள்ளினால் பரவாயில்லை என்பார்கள். தினமும் ஒரு முறை தள்ளினால் இரண்டே வாரத்தில் பால் குறைந்துவிடும்.

குழந்தைகள் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். அந்த 50 என்பது பெண்களை மட்டும் எண்ணியது இல்லை, எல்லா ஊழியரையும் சேர்த்து. நாளுக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்த்துவரலாம். இந்த நான்கு முறை என்ற விதியை வைத்துத் தூரத்தை நீங்களே கணக்கிடலாம். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காப்பகத்துக்கு சோழிங்கநல்லூர் நெரிசலில் போக 20, வர 20 நிமிடம். நான்கு முறை என்றால் 160 நிமிடம் சாலையிலேயே. ஆக, யாரும் ஒரு முறைகூடப் போகமாட்டார்கள். ஒன்றிய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் தந்த வழிகாட்டுதலில் வேலையிடத்திலோ 500 மீட்டருக்குள்ளோ என்று சொல்லியிருப்பதன் காரணம் இதுதான். ஊரெங்கும் கிளை உள்ள ஒரு காப்பக நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி வாங்கிக்கொடுத்துவிட்டு, சட்டத்தை நிறைவேற்றியதாக ஆண்டறிக்கையில் எழுதுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குக் கிட்டேகூட வராது.

ஒப்பந்தம்தான் போடுவதென்றால் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள். எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள்? பல காப்பகங்கள் ஒரு வயதுக்குக் கீழ் எடுப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கு ஆள் அதிகம் வேண்டும், கட்டுபடியாகாது. உங்கள் ஊழியர் வரும்போது குழந்தைக்கு ஐந்தரை மாதம். நடுவில் இருக்கும் ஆறரை மாதத்துக்கு யார் பதில்? எத்தனை மணிக்கு மூடுவார்கள்? ஆறரைக்கு மூடிவிட்டால், அமெரிக்க வாடிக்கையாளரோடு ஏழரைக்கு இருக்கும் அழைப்பை யார் எடுப்பது? கைக்குழந்தைகள் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் இருக்கிறார்களா? ஒருவர் டயப்பர் மாற்றப் போனால் மற்றக் குழந்தைகளைப் பார்க்க இன்னொருவர் உண்டா? தரைத்தளமா? டயப்பர் மாற்றும் மேடையும் பால் கலக்கும் மேடையும் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? ஆயாக்கள் எத்தனை மாதம் நிற்கிறார்கள்? சம்பளம் குறைவாகக் கொடுக்கும் இடத்தில் மாதத்துக்கொரு முகம் மாறும், குழந்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழத் தொடங்கும்.

சேர்த்த முதல் இரண்டு வாரம் குழந்தை அழத்தான் செய்யும். அதனால் தாய் வேலைக்கு வருவதற்கு முந்தைய வாரங்களில், முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு அரை நாள் என்று பழக்க வேண்டும். அதாவது விடுப்பில் இருக்கும்போதே அவருக்குக் காப்பகத்தைத் திறந்துவிட வேண்டும். வளாகத்துக்குள் இருக்கும் காப்பகம் என்றால் அவருடைய அடையாள அட்டை அப்போது வேலை செய்யாது. வாயிலில் காவலர் விடமாட்டார். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி அழுகை குறையும். இன்னொன்று, காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு முதல் ஆண்டில் மாதம் ஒரு சளி, காய்ச்சல் வருவது சாதாரணம். 100 டிகிரியைத் தாண்டினால் காப்பகம் வீட்டுக்கு அனுப்பிவிடும், அது சரியும்கூட. அப்போது எடுக்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்குச் சில நாள் தனி விடுப்பு வேண்டும்.

எத்தனை குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்று தெரியவில்லை என்பீர்கள். தெரியும். குழு மருத்துவக் காப்பீட்டில் கடந்த இரண்டு ஆண்டில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை எடுங்கள். ஆண் ஊழியர்களின் குழந்தைகளும் அதில் இருப்பார்கள். காப்பக வசதி பெண் ஊழியர்களுக்கு மட்டும் என்று விதி எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்: அப்பா வேலை பார்க்கும் அலுவலகத்துக் காப்பகத்திலும் குழந்தை வளரும். 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்குச் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். தந்தையர் விடுப்பு தனியாருக்குச் சட்டத்தில் இல்லை. ஒன்றிய அரசு ஊழியருக்கு 15 நாள். உங்கள் கொள்கை கையேட்டில் எத்தனை நாள் இருந்தாலும் டெலிவரி மேனேஜர்கள் அதை எடுக்காவிட்டால் கீழே யாரும் எடுக்கமாட்டார்கள்.

செலவைப் பேசாமல் இந்த மடல் முழுமையாகாது. உங்களுக்கு மேலே இருக்கும் நிதித் தலைவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) மகப்பேறு ஊதியத்தைத் தருகிறது. அதற்கு மேல் வாங்குபவருக்கு முழுப் பணமும் நிறுவனமே தர வேண்டும். 80,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 26 வாரம் என்றால் கிட்டத்தட்ட நாலே முக்கால் லட்சம். இந்தச் சுமை தனி முதலாளி மேல் நேரடியாக விழக் கூடாது, காப்பீட்டிலோ பொது நிதியிலோ தரப்பட வேண்டும் என்பதுதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு 183-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதில் இணையவில்லை. விளைவு, நேர்காணலில் "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எப்போ பிளான்" என்ற கேள்வி. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மின்னணு ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்து, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கும். பெண்ணை எடுக்காமல் விட்டுச் செலவை மிச்சப்படுத்துவதைவிட, உங்கள் தொழில் கூட்டமைப்புகள் வழியாக ஒரு பொது மகப்பேறு நிதியை அரசிடம் கேளுங்கள். சிறு நிறுவனங்கள் அதற்காகக் கை தூக்கும்.

அதுவரை இந்தப் பக்கத்துக் கணக்கையும் நிதித் தலைவருக்குக் காட்டுங்கள். திரும்பி வந்த பெண் ராஜினாமா செய்தால் ஆள் தேடித்தரும் கன்சல்டன்சிக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். புதிதாக வருபவருக்குப் பழைய இடத்தில் 90 நாள் நோட்டீஸ். வந்த பிறகு உங்கள் மென்பொருள் நிரலும் வாடிக்கையாளரும் பிடிபடக் குறைந்தது மூன்று மாதம். ஆக, விடுப்பு கொடுத்துத் திரும்பி வந்தவரை இழந்தால் ஆறு மாதத்தை இரண்டு முறை செலவழிக்கிறீர்கள்.

ஒப்பந்த ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். விடுப்பின் நடுவில் ஒப்பந்தக் காலம் முடிகிறது, ஆகவே சலுகையும் முடிகிறது என்று ஆள் அனுப்பும் வென்டர் நிறுவனங்கள் சொல்வதுண்டு. தகுதி வந்துவிட்டால் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் மகப்பேறு நலன் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி என்பது முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை, அவ்வளவுதான். வென்டரோடு போடும் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். உங்கள் மாடியைத் துடைப்பவரும், வாயிலில் பையைச் சோதிக்கும் பெண் காவலரும் தங்கள் குழந்தையை அதே காப்பகத்தில் விடலாமா என்பதற்கும் பதில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு மட்டும் கேட்கிறோம். கடந்த மூன்று ஆண்டில் மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலை எடுங்கள். திரும்பிய 24 மாதத்துக்குள் பதவி உயர்வு பெற்றவர் எத்தனை பேர், வேலையை விட்டவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விடுப்புக்கு முந்தைய ஆண்டில் அதே நிலையில், அதே ரேட்டிங்கில் இருந்த மற்ற ஊழியர்களின் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வையுங்கள். வேலையை விட்டவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுச் சதவீதம் போடாதீர்கள். எண் அழகாகத் தெரியும், ஆனால் பொய். இந்தத் தாளை அடுத்த ரேட்டிங் கூட்டம் தொடங்குமுன் எல்லா டெலிவரி ஹெட்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல், பணியாளர் உறவு, தொழிலாளர் சட்டம் ஆகிய வேலைகளில் இருப்போர் சிலர்